கவிழ்த்து வைத்த செருப்பு

என் மகன் என்னை முதன்முதலாக "அம்மா" என்று கூப்பிட்டபோது அவன் வாய் மூடியிருந்தது. நெற்றியைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டைதான் கூப்பிட்டது. நான் அழுதேன், மறைப்பானேன்? பிறந்ததிலிருந்து காத்திருந்த சொல் அது. என் வீட்டுக்காரர் ரகுபதி அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பட்டை அடுத்ததாக "அப்பா" என்றது. அதோடு அந்த மனுஷன் தொலைந்தார்.

நிலவன் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் அப்பாவின் செருப்பு இரண்டையும் எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான்.

நிலவனுக்கு ஆட்டிசம். பதினோரு வயது. பேச்சு வராது என்று டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அவனுக்கு எது வேண்டாமோ அது கவிழும். உப்புமா வேண்டாமென்றால் தட்டு கவிழும். குளிக்கப் பிடிக்காத நாளில் வாளி கவிழும். ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் அவர் செருப்பு. கல்யாண வீடுகளில் எத்தனை பேர் செருப்பைக் கவிழ்த்து எத்தனை பேரிடம் நான் பேச்சு வாங்கியிருக்கிறேன்!

செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது அல்லவா? எங்கே கண்டாலும் யாருக்கும் கை சும்மா இருக்காது. பால் போடுகிறவர், கொரியர் கொண்டுவருகிறவர், மேல்வீட்டு மாமி, எல்லாரும் போகிற போக்கில் கால் விரலாலேயே நிமிர்த்திவிட்டுப் போவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் என் பிள்ளை சொன்ன "வேண்டாம்"களை ஒரு ஊரே சேர்ந்து காலால் அழித்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மைதான்.

பட்டையைப் பற்றிச் சொல்கிறேன். பேச்சில்லாத பிள்ளைகளுக்காக வந்த சாதனம் அது. முழுப்பெயர் உள்குரல் பட்டை. மூளையில் எழும் அசைவைப் பிடித்து வாக்கியமாக்கிச் சொல்லும். அப்பா அம்மா இருவரின் தொண்டையையும் அளந்து, இந்தப் பிள்ளை பேசினால் குரல் இப்படித்தான் இருக்கும் என்று கணக்கிட்டு, அந்தக் குரலில் பேசும். நிலவன் பட்டையின் குரலில் ரகுபதியின் கரகரப்பு லேசாக இருந்தது. அதைக் கேட்டால் எந்தத் தகப்பன் தப்பிப்பான்?

அதற்கு ஒரு விதியும் உண்டு. வாய் ஒன்றும் பட்டை ஒன்றும் சொன்னால், பட்டை சொன்னதுதான் செல்லும். இந்த விதியை எந்த அதிகாரியும் எங்கள் தலையில் கட்டவில்லை. பெற்றோர் சங்கத்தில் நாங்களே கேட்டு வாங்கினோம். பர்வீன் அக்காவின் மகளுக்கு, கேட்ட கேள்வியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லும் பழக்கம். ஆஸ்பத்திரியில் "வலிக்குதா, வலிக்கலையா?" என்று கேட்டார்கள். "வலிக்கலையா" என்றாள். வலிக்கவில்லையாம் என்று அனுப்பிவிட்டார்கள். குடல்வால் வெடித்து ஐசியூவில் கிடந்தாள். பட்டை வந்ததும், "வாயை நம்பாதே, உள்ளே கேள்!" என்று நாங்கள் எல்லாரும் தெருவில் நின்று கத்தினோம். அந்தக் கோஷத்தில் என் தொண்டைதான் முன்னால் நின்றது.

எங்கள் தெருமுனைப் பள்ளியில் நிலவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்று ஓர் அறை இருந்தது. அந்த அறைக்கு ஒரு டீச்சரைக் கொண்டுவர நான் ஏறாத மாடியில்லை. கடைசியில் ரெஜினா டீச்சர் வந்தார். வந்த முதல் வாரத்திலேயே நிலவன் அவர் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்தான். "ஓ, சாருக்கு மீன் வாசனை ஆகாதா? சரி, நான் வெளியில போய்ச் சாப்பிடுறேன்," என்று எழுந்து போனார். எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இந்த வருஷம் அந்த அறையை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அப்புறம் பட்டை விவகாரமெல்லாம் பார்க்கும் உள்குரல் வாரியத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

வாரிய அதிகாரி சந்தானராமன் நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிலவனுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி போட்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் வைத்தார்.

"அம்மா, சந்தோஷமான விஷயம். தம்பி தன் விருப்பத்தத் தானே சொல்லியிருக்கான். கேளுங்க."

பதிவை ஓடவிட்டார். ரகுபதியின் கரகரப்புள்ள அந்தச் சின்னக் குரல் பேசியது. "எனக்கு அருவி வளாகத்துக்குப் போகணும். அங்க எனக்கு நிறைய நண்பர்கள் கிடைப்பாங்க. நன்றி."

அருவி வளாகம் மலையடிவாரத்தில் இருக்கிறது. தங்கிப் படிக்கும் இடம். பிள்ளையை அங்கே விட்டால் விடுமுறைக்குத்தான் பார்க்க முடியும்.

"சார், என் பையன் இதச் சொல்லல."

"பட்டை சொல்லியிருக்கேம்மா."

"அவனுக்கு நாலு பேர் சேர்ந்தாலே காதப் பொத்திக்குவான். நிறைய நண்பர்கள் வேணும்னு அவன் கேட்டானா? அவனுக்கு எதிர்வீட்டுப் பூனையே அதிகம் சார்!"

சந்தானராமன் சிரிக்கவில்லை. "அவன் என்ன சொல்லுவான், என்ன சொல்லமாட்டான்னு நீங்களே முடிவு பண்ணா எப்படிம்மா? என் புள்ள பேச்சக் கேளுங்க, கேளுங்கன்னு இத்தன வருஷமா இந்த ஆபீஸ் வாசல்ல வந்து நின்னது நீங்கதானே? இப்பக் கேக்குறோம். கேட்டா வேணாங்கறீங்க."

என்ன பதில் சொல்ல? "என் பிள்ளை பேச்சைக் கேட்காதீர்கள்" என்றா?

அந்த நேரத்தில் நிலவன் தன் தம்ளரைக் கவிழ்த்தான். தண்ணீர் மேஜையெல்லாம் ஓடியது. சந்தானராமன் பேசிக்கொண்டே கைக்குட்டையால் துடைத்தார், பேசிக்கொண்டே தம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

"சார், இப்பத்தான் சொன்னான்! வேண்டாம்னு சொன்னான், பாத்தீங்களா?"

"தண்ணி கொட்டிடுச்சும்மா. பரவால்ல," என்றார்.

வீட்டுக்கு வந்து ரகுபதியிடம் சொன்னேன். அவர் தொழிற்சாலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, பட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் முன்னால் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தினமும் சாயங்காலம் அவருக்கு அதுதான் வேலை.

"அப்பா, இன்னிக்கு உங்க வேலை எப்படி இருந்துச்சு?" என்றது பட்டை.

"நல்லா இருந்துச்சுப்பா கண்ணு," என்றார் இவர்.

"ஏங்க, எந்த ஊர்ல எந்தப் புள்ளைங்க பதினோரு வயசுல அப்பனப் பாத்து வேலை எப்படி இருந்துச்சுன்னு கேக்குது? மேல்வீட்டுப் பையன் பேசுற புள்ளதானே, அவன் அவங்கப்பாகிட்ட காசு கேக்கறதத் தவிர வேற என்ன பேசுறான்?"

"நம்ம புள்ள வேற மாதிரி."

"வேற மாதிரிதான். அவன் இப்ப ஜன்னல் கம்பிய எண்ணிக்கிட்டிருக்கான். உங்கள அவன் பாக்கவே இல்ல. முகத்தப் பாருங்க!"

ரகுபதி முகத்தைப் பார்க்கவில்லை. "ஜோதி, அவன் உன்கூடப் பேசுறதவிட என்கூட நல்லாப் பேசுறான். அது உனக்கு ஆகல." சொல்லிவிட்டு அவரே பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார். நான் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போடவில்லை. பசியோடுதான் கிடக்கட்டும் என்று இருந்தது. அப்புறம் மனசு கேட்காமல் தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் ரெஜினா டீச்சரிடம் போனேன். அறையில் பாதிச் சாமான்களை மூட்டை கட்டியிருந்தார்கள்.

"டீச்சர், இந்தப் பட்டை பொய் சொல்லுதா?"

"பொய்னு சொல்லமாட்டேன் ஜோதி. மூளையில ஒரு சின்ன அசைவு வருது. அது நிஜம். ஆனா அது வாக்கியம் இல்ல, ஒரு துளி. மீதியப் பட்டையே நிரப்பிக்குது."

"எத வச்சு நிரப்புது?"

"பழக்குற காலத்துல பெத்தவங்க கையில ஒரு பச்சப் பொத்தானக் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? பட்டை ஒண்ணு சொல்லும். 'ஆமா, இது என் புள்ள சொல்ற மாதிரியே இருக்கு'ன்னு தோணினா அமுக்கணும்."

இருந்தது. ரகுபதி அந்தப் பொத்தானைக் கட்டைவிரல் வீங்கும் அளவுக்கு அமுக்கினார்.

"எத்தன அம்மா அப்பா, எந்த வாக்கியத்துக்கு அமுக்கியிருப்பாங்கன்னு நெனைக்கிற? 'என்ன விடு'ங்கறதுக்கா? 'நீ தொடாத'ங்கறதுக்கா? அம்மா எனக்கு உன்னப் பிடிக்கும், அப்பா நான் நல்லா இருக்கேன், எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. இதுக்குத்தான் அமுக்கியிருக்காங்க, எல்லா ஊர்லயும். அது அதத்தான் கத்துக்கிச்சு. கேக்குறவங்க மனசு நோகாம பேசக் கத்துக்கிச்சு. எதிர்ல ஆபீசர் உக்காந்திருந்தா ஆபீசர் மனசு நோகாது."

எனக்கு ஒரு யோசனை வந்தது. "அப்ப யார் தலையில மாட்டினாலும் அது இப்படித்தானே பேசும்?"

ரெஜினா டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "அடிப்பாவி," என்றார்.

ஆட்சேபனை சொல்ல வாரியத்தில் எனக்கு ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். ரகுபதி வரமாட்டேன் என்றுவிட்டார். டீச்சர் வந்தார், நிலவன் வந்தான். அதே அறை, அதே தம்ளர்கள். நடப்பது எல்லாம் பதிவாகும் என்று சந்தானராமன் முதலிலேயே சொன்னார். பதிவாகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

"சார், எனக்கு ஒண்ணும் பெருசாப் பேசத் தெரியாது. அந்தப் பட்டைய என் தலையில மாட்டுங்க."

"எதுக்கும்மா? நீங்கதான் பேசுறீங்களே."

"என் மனசுல என்ன இருக்குன்னு இந்த அறையில எல்லாருக்கும் தெரியும். அத இது சொல்லுதான்னு பாப்போம். சொல்லிட்டா நான் வாயத் தொறக்காம வீட்டுக்குப் போயிடுறேன்."

அவர் யோசித்தார். வாரியத்தில் பெற்றோரின் குரலைக்கூடக் கணித்து வைத்திருந்தார்கள், பிள்ளையின் குரலைச் செய்ததே அதிலிருந்துதானே. அலமாரியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து என் நெற்றியில் கட்டினார். சில்லென்று இருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனசுக்குள் கத்தினேன். என் பிள்ளையை அனுப்பமாட்டேன், அவன் தட்டைக் கவிழ்த்தால் அந்த மலையடிவாரத்தில் எவனுக்குடா புரியும், பசியோடு கிடப்பானே, நீங்களெல்லாம் விளங்குவீர்களா என்று வாயில் வராத வார்த்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். கண்ணோரத்தில் நீர் முட்டியது.

என் குரல் பேசியது. என் குரல்தான், ஆனால் பாயசத்தில் முக்கி எடுத்ததுபோல். "எல்லாருக்கும் வணக்கம். ஒரு அம்மாவா எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கு. ஆனா என் மகனோட நல்லதுக்காக நீங்க எடுக்கிற முடிவுக்கு எனக்கு முழு சம்மதம். நன்றி."

நான் கண்ணைத் திறந்து கைகொட்டிச் சிரித்தேன். "பாத்தீங்களா! பாத்தீங்களா சார்! எனக்கு சம்மதமாம்! என்னப் பத்தித் தெரிஞ்சவன் எவனாவது இத நம்புவானா?"

ரெஜினா டீச்சர் சிரிக்கவில்லை. என்னைவிட ஒரு நொடி முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

சந்தானராமன் பதிவுக் கருவியின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "தாயின் சம்மதம் பதிவாயிற்று."

"சார்! அது நான் சொல்லல!"

"வாயால மறுக்குறீங்க. பட்டையில சம்மதிச்சிருக்கீங்க. ரெண்டும் மாறுபட்டா எது செல்லும்னு உங்களுக்கு நான் சொல்லணுமாம்மா? அந்த விதிய இந்த வாரியத்துக்கு வாங்கிக் குடுத்ததே உங்க சங்கம்தான்." அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உள்ளுக்குள்ள உங்களுக்கே இது நல்லதுன்னு தோணியிருக்கு. தாய் மனசு, வாய் ஒத்துக்க மாட்டேங்குது. அப்படித்தான் இருக்கும். தப்பே இல்ல."

நான் பட்டையைப் பிய்த்து மேஜையில் எறிந்தேன். என் பேச்சை நானே மறுத்தால் கோர்ட்டுக்குப் போனாலும் இதே பதிவைத்தான் போட்டுக் காட்டுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் குரலே குறுக்கே நின்றது. வீல் என்று கத்தலாம். கத்தினால் அதுவும் வாய்தானே?

"வேற வழியே இல்லையா சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"தகப்பனார் மறுத்தா நிறுத்தி வைக்கலாம். அவர் வரவே இல்லையே."

அன்று இரவு வீட்டில் ரகுபதியின் காலில் விழாத குறைதான். "ஒரே ஒரு தடவ வேணாம்னு சொல்லுங்க. உங்களுக்கு வேற எதுவும் நான் கேட்கமாட்டேன்."

"அவன் என்கிட்ட போறேங்கறான் ஜோதி. என் புள்ள முதமுதலா என்கிட்ட வாயத் தொறந்து ஒண்ணு கேக்குறான். நான் எப்படி மாட்டேன்னு சொல்ல?"

"அவன் வாயத் தொறக்கல," என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

வண்டி வந்த காலை, நான் நிலவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். தட்டைக் கவிழ்க்காமல் சாப்பிட்டான். வண்டியில் வந்தவர் வாட்டசாட்டமான, சிரித்த முகமுள்ள ஆள். வாசலில் நின்று "தம்பி ரெடியா?" என்றார்.

"நான் ரெடி," என்றது பட்டை. "அப்பா, நான் சந்தோஷமாப் போயிட்டு வரேன். நீங்க அழக்கூடாது."

ரகுபதி அழுதுகொண்டே நிலவனின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். செருப்பை மாட்டப் போனார். கவிழ்ந்து கிடந்தது. கால் விரலால் நிமிர்த்தினார். நிலவன் உட்கார்ந்து அதைக் கவிழ்த்தான். இவர் மறுபடி நிமிர்த்தினார். அவன் மறுபடி கவிழ்த்தான். கவிழ்த்துவிட்டு, யாரும் நிமிர்த்த முடியாதபடி இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

"அப்பா, வண்டி வந்துடுச்சு. போலாமா?" என்றது பட்டை, உற்சாகமாக.

ரகுபதி கையைப் பார்த்தார். பிறகு, பட்டை வந்த பிறகு முதல்தடவையாக, பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு நிலவனின் நெற்றிக்குக் கை கொண்டுபோனார். அவர் விரல் பட்டபோது அது "அப்பா" என்றது. அவர் கை நின்றது. அப்புறம் கழற்றிவிட்டார்.

வாசல் அமைதியானது. அவருக்கு இனி யார் அப்பா என்று கூப்பிடப் போகிறார்கள்? அதை நினைத்தபோது அந்த மனுஷன்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"நான் மறுக்கிறேன்," என்றார் ரகுபதி. "அவனோட அப்பா நான். என் புள்ள எங்கயும் வரல."

வந்தவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கென்ன சார், தாராளமா மறுக்கலாம். ஆனா உங்க குடும்பத்துல வாய்க்கும் பட்டைக்கும் மாறுபாடு வருதுன்னு குறிச்சு அனுப்பியிருக்காங்க. அதனால இனிமே எதுவா இருந்தாலும் பட்டையிலதான் சொல்லணுமாம்." தோள்பையிலிருந்து புதுப் பட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தாங்க. மாட்டிக்கிட்டு வேணாம்னு நெனைங்க, போதும். பதிவாயிடும்."

ரகுபதி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் பட்டையைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, தன் செருப்புக்குப் பக்கத்தில், வாசற்படியில், அதைக் கவிழ்த்து வைத்தார்.

நிலவன் அதைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். செருப்பின் மேலிருந்த கைகளை எடுத்தான். பதினோரு வருஷத்தில் அவன் மொழியில் அவனுக்குக் கிடைத்த முதல் பதில் அது. மெல்ல நகர்ந்து அப்பாவின் முழங்காலில் தோளைச் சாய்த்துக்கொண்டான்.

நானும் என் செருப்பைக் கவிழ்த்தேன்.

"பாத்துக்கங்க," என்றார் ரகுபதி. "நாங்க மூணு பேரும் சொல்லிட்டோம்."

வந்தவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். காதைக்கூடத் தீட்டிக்கொண்டார், பாவம். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்," என்றார். குனிந்து, எல்லாருக்கும் இருக்கிற பழக்கத்தில், முதலில் என் செருப்பை நிமிர்த்தினார், அப்புறம் ரகுபதியினுடையதை, கடைசியாகப் பட்டையை. பிறகு வண்டியின் கதவைத் திறந்துவிட்டு நிலவனின் பக்கம் கையை நீட்டினார்.